தனி ஆவர்த்தனத்தில் என் நாற்காலி

காசு கொடுத்து வாங்கிய பாட்டு வாங்கியவனுக்குச் சொந்தம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையால் நாட்டுக்கு விளைந்திருக்கும் கேட்டை யாரும் முறையாக ஆராயவில்லை என்பதால் நானே திருத்த வேண்டியிருக்கிறது. அது சொந்தமில்லை. இணையத்தில் விற்கிறவன் நமக்குத் தருவது பாட்டை அல்ல, பாட்டைக் கேட்டுக்கொள்ள ஓர் அனுமதியை. அனுமதிக்கு ஒரு பூட்டு உண்டு, பூட்டுக்கு ஒரு சாவி உண்டு, சாவி எப்போதும் அவன் இடுப்பில் இருக்கும். அரசாங்கத்தில் சட்டங்களைத் தமிழில் பெயர்த்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நிபந்தனைகளை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்துவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைத் தொட்ட ஒரே மனிதன் இந்தப் பேட்டையில் நானாகத்தான் இருப்பேன், படித்தும் ஏமாந்தேன், முன்பொரு கடையில் கச்சேரி கச்சேரியாக வாங்கிச் சேர்த்தேன், கடையை மூடிவிட்டான், ஒரு நாள் காலை எல்லாம் ஊமையாகிவிட்டன. பெயர்கள் இருந்தன, ராகங்களின் பட்டியல் இருந்தது, தொட்டால் மட்டும் சத்தம் வரவில்லை, செத்தவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படம் மாதிரி எல்லாம் இருந்த இடத்தில் இருந்து என்னைப் பார்த்தன. அன்றிலிருந்து பூட்டில்லாததைத்தான் வாங்குவது என்று விரதம். மாம்பலத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன நிறுவனம் ஒன்று இருக்கிறது, பழைய சபா நாடாக்களைத் தேடிப் பிடித்துக் கணினிக்கு மாற்றி விற்கிறார்கள், பூட்டு கிடையாது, எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பிரதியும் மூலத்துக்குக் குறைந்ததல்ல என்று தளத்திலேயே போட்டிருக்கிறது. அழகான வாக்கியம். சட்டத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுத விடமாட்டார்கள், மூலம் எது என்று கேட்பார்கள், சான்றொப்பம் எங்கே என்று கேட்பார்கள். எந்தப் பிரதியும் மூலத்துக்குக் குறைந்ததல்ல. காலையிலிருந்து இது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மங்கை கீழே போயிருக்கிறாள். குடியிருப்புச் சங்கக் கூட்டம், தண்ணீர் லாரி விவகாரம், அவள் இல்லாமல் அங்கே யாருக்கும் சண்டை போடத் தெரியாது. போகும்போது வாசலில் நின்று சொன்னாள், 'என்னங்க, பருப்பு வச்சிருக்கேன், மூணு விசில் வந்ததும் எந்திரிச்சுப் போய் அணைச்சிடுங்க.' 'சரி' என்றேன். 'காதுல விழுந்த சரியா, வாய்ல வந்த சரியா?' 'காதில் விழுந்ததுதான்.' 'அந்த ஹெட்போனை மாட்டிக்கிட்டா இடி விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பெல் அடிச்சாலும் திறக்கப் போறதில்ல, நான் வெளியவே பூட்டிக்கிட்டுப் போறேன்.' பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டே, 'நாம அன்னைக்குப் போன அந்தக் கச்சேரிப் பாட்டு வந்துடுச்சுன்னா என் போன்லயும் ஒண்ணு போட்டு வைங்க, தனியைக் கேக்கணும்' என்றாள். பாட்டை விட்டுவிட்டுத் தனியை எதற்குக் கேட்பது என்றேன். 'பாட்டு ஊருக்கெல்லாம் பாடினது. தனியிலதான நமக்கு விஷயம்' என்று சிரித்தாள், இந்த வயதில் அப்படிச் சிரித்தால் அது பழைய காரணத்துக்குத்தான் இருக்க வேண்டும். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. விஷயம். நமக்கு. அந்தத் தனியில் எனக்கு என்ன விஷயம் இருக்க முடியும், நான் அதில் ஓர் அடிகூடக் கேட்கவில்லையே. மிருதங்கக்காரர் முதல் சொல்லைத் தட்டியபோது நான் எழுந்துவிட்டேன். பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கிற தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்களுக்குச் சங்கீத ஞானம் கிடையாது என்பார்கள், இது இரண்டாவது தவறான நம்பிக்கை, ஞானம் இல்லாதவன் தனி எப்போது தொடங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பான், பிரதானப் பாட்டின் கடைசிச் சுரங்கள் கட்டுகிற விதத்தை வைத்து அரை நிமிடம் முன்பே காலில் செருப்பைத் துழாவத் தொடங்குகிறவன்தான் உண்மையான ரசிகன், வாழைப்பூ வடை அவனுக்குத்தான் சூடாகக் கிடைக்கும். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. தொண்ணூற்று மூன்று டிசம்பர், சபாவின் கொட்டகை, மூன்றாவது வரிசை, இரும்பு மடக்கு நாற்காலி. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும், எலியை மிதித்த மாதிரி, ஆலாபனையில் கைக்குட்டை எடுக்கக் கொஞ்சம் சாய்ந்ததற்கே முன்வரிசை மாமா திரும்பி முறைத்தார்.

வடை நாக்கைச் சுட்டது. அது நிச்சயம். சந்தேகம் வருகிற இடத்தில் முதலில் நிச்சயமானவற்றை எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வடை நாக்கைச் சுட்டது, ஆபீஸ் நமச்சிவாயம் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே சாம்பார் வாளியில் முழங்கையை இடித்தான், என் வேட்டியில் கொட்டியது, 'விடுய்யா, மஞ்சள் மங்கலகரம்' என்றான். திரும்பி வந்தேன். பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. என் நாற்காலி சூடாக இருந்தது. டிசம்பர் மாதத்து இரும்பு சூடாக இருந்தது, பின்வரிசையிலிருந்து எவனோ முன்னால் வந்து உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறான் என்று நினைத்தேன், அப்போது அதை நினைக்க ஒரு நொடிகூட ஆகவில்லை, இப்போது காலை முழுவதும் ஆகிறது. மங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். ராகம் நன்றாக இருக்கிறது என்கிறாள் என்று நானும் தலையாட்டினேன். மறுநாள் துவைக்கிற கல்லில் வேட்டியை விரித்து வைத்துக்கொண்டு, 'தனி முழுக்க எம் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க, சாம்பாரை எப்பக் கொட்டிக்கிட்டீங்க?' என்று கேட்டாள். நான் சிரித்தேன். என்ன நயமான குத்தல், கேன்டீனுக்கு ஓடினவனை இதைவிட நாசூக்காகக் குத்த முடியாது என்று அன்றைக்கு ஆபீஸில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன். முப்பது வருஷமாக அதை நான் குத்தல் என்றே வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவள் பெட்டி அடுக்கினாள். வங்கியில் ஆபீசர் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள், போஸ்டிங் போபால், மூன்று வருஷம், பெண் பொன்னிக்கு ஐந்து வயது, இதில் பேச என்ன இருக்கிறது, மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டு குமாஸ்தாவாகவே இருந்துவிடுவாள் என்று நான் இருந்தேன், அவளும் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை, கேட்டிருந்தால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்றிருப்பேன், அதற்கு எங்கள் ஆபீஸில் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். 'என்ன இது?' என்றேன் பெட்டியைக் காட்டி. 'நீங்கதான சொன்னீங்க?' என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு எவனாலும் 'எப்போது சொன்னேன்' என்று கேட்க முடியாது. தூக்கத்தில் சொல்லியிருப்பேன், யோசனையில் 'உம்' கொட்டியிருப்பேன், சொன்னது சொன்னதுதான் என்று விட்டுவிட்டேன். ரயிலில் ஏறும்போது பொன்னியின் சிவப்பு ரிப்பனை என் சட்டைப்பையில் வைத்து, 'கத்துக்கிறேன்னு சொன்னீங்களே' என்றாள். கற்றுக்கொண்டேன். மூன்று வருஷம் ரெட்டைச் சடை பின்னினேன், வகிடு முதல் வருஷம் முழுக்கக் கோணல், பள்ளிக்கூட ஆயா தினமும் அவிழ்த்துப் பின்னி அனுப்புவாள். சொந்தக்காரர்கள் என்னைப் பெரிய மனுஷன் என்றார்கள். பெண்டாட்டியை அனுப்பிவிட்டுப் பிள்ளையை வளர்க்கிறான் பார் என்றார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் யாரும் இதைத்தான் சொல்வார்கள், நானும் இதைத்தான் சொல்வேன்.

முதல் விசில். எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. இரண்டு இருக்கிறது. ஹெட்போன் ஒயர் கட்டையானது, நாற்காலியிலிருந்து எழுந்தால் கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாட்டு நடு அறையில் அலறும், அதனால் கடைசி நொடியில்தான் எழுந்திருக்க வேண்டும். தனி தொடங்கப் போகிறது. முந்தாநாள் இதை ஒரு தடவை கேட்டுவிட்டேன், பாதிவரை. கேட்ட உடனே மாம்பலம் கம்பெனிக்குப் போன் போட்டேன். 'ரசிகர்கள் பேசுவதெல்லாம் எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது?' என்றேன். 'மூணாவது வரிசைத் தூண்ல ஒரு மைக் கட்டியிருந்திருக்காங்க சார், கைத்தட்டலுக்காக. அதையும் சேத்து மிக்ஸ் பண்ணினோம்.' 'பேச்சைச் சுத்தம் செய்து எடுத்திருக்கலாமே?' 'எடுத்தா மிருதங்கத்தோட இடது பக்கத்துச் சத்தமும் சேந்து போயிடுது சார். அந்தப் பக்கம் இல்லாட்டி அது மிருதங்கமா, டப்பா சார்.' பிறகு, 'ஏன் சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது பேசுறாங்களா?' என்றான். இல்லை என்றேன். பொய் அல்ல, தெரிந்தவர் என்று அதைச் சொல்ல முடியுமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இதோ. மிருதங்கக்காரர் சுருதி பார்க்கிறார். முதல் சொல். உடனே கிறீச். அது நான். நான் எழுந்துவிட்டேன். செருப்புச் சத்தம், இன்னும் பல செருப்புகள், கொட்டகையில் கால்வாசிப் பேர் வடைக்குக் கிளம்புகிறோம், என் செருப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு மிருதங்கம் மட்டும். நீளமான நடை, அவசரமில்லாமல், வெறும் தெருவில் ஒருவர் தனியாக நடக்கிற மாதிரி. அப்புறம் மங்கையின் குரல், முப்பது வயது மங்கையின் குரல், காதுக்குள் மூச்சுச் சூடு தெரிகிற அளவுக்குப் பக்கத்தில். 'நீங்க போகலியா இன்னைக்கு?'

யாரைக் கேட்கிறாள். நாற்காலி கிறீச்சிட்டுவிட்டது, நான் போய்விட்டேன், வாழைப்பூ வடைக்கு வரிசையில் நிற்கிறேன். முந்தாநாள் இந்த இடத்தில் எனக்குத் தோன்றியது எல்லாப் புருஷனுக்கும் தோன்றுவதுதான், அது வெட்கக்கேடான நினைப்பு, ஆனால் இப்போது யோசித்தால் எவ்வளவு ஆறுதலான நினைப்பு, வேறொருவன் உட்கார்ந்திருந்தான் என்றால் உலகம் உலகமாகவே இருந்திருக்கும், கோபப்பட்டுவிட்டு மத்தியானம் சாப்பிட்டிருப்பேன். பதில் வருவதற்கு முன்னால் அவன் தொண்டையைச் செருமுகிறான். இரண்டு தடவை, முதலாவது சின்னது, இரண்டாவது பெரியது, வரைவைப் படிக்கத் தொடங்கும் முன்பு நான் செய்வது, ஆபீஸில் இதற்காக என்னைக் கேலி பண்ணுவார்கள். 'ஒண்ணு கவனி' என்கிறான். ஒண்ணு கவனி என்று தொடங்காமல் நான் எதையும் சொன்னதில்லை, பொன்னி சின்ன வயதில் என்னைப் போல் நடித்துக் காட்டுவதென்றால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதைத்தான் சொல்வாள். 'ஒண்ணு கவனி, மங்கை. நீ வாயத் திறந்து கேக்கல, அதனால நானே சொல்றேன். போயிட்டு வா.' 'நெசமாவா?' 'மூணு வருஷம் ஓடிப் போயிடும். பொன்னியை நான் பாத்துக்கிறேன்.' அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, கடம் சேர்ந்துகொள்கிறது, கேள்வியும் பதிலுமாக இரண்டு வாத்தியமும் மாறி மாறி. 'சடை பின்னத் தெரியுமா உங்களுக்கு?' 'கத்துக்கிறேன்.' அவள் சிரிக்கிறாள். இன்று வாசலில் சிரித்த அதே சிரிப்பு. கூடவே அவனும் சிரிக்கிறான், நான் சிரித்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, யாருக்குத்தான் தெரியும், ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் வயிறு குலுங்கியது. வெளியிலிருந்து யாரோ என் வயிற்றைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அவன் நல்லவன். இதைத்தான் ஏற்க முடியவில்லை. பேயாக இருந்திருக்கலாம், சபாக் கொட்டகை எரிந்து யாரும் சாகவில்லை என்றாலும் பேய்க்கு விதிவிலக்கு கொடுக்கலாம், ஆனால் என் இடத்தில் உட்கார்ந்த பேய் என்னைவிட நல்லவனாக இருப்பதற்கு எந்தப் புராணத்திலும் ஆதாரம் கிடையாது, வேற்றுருவில் வருகிறவர்கள் ஏமாற்றத்தான் வருவார்கள், பெட்டி அடுக்கச் சொல்லி வரமாட்டார்கள். நான் கேன்டீனில் கழித்த நேரத்தில் அவன் என் மனைவிக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தான், எனக்கு ஒரு பெயரைக் கொடுத்தான், சடை பின்னுவதை மட்டும் என்னிடம் விட்டான். எங்கே போனான். நான் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது, சூடாக இருந்தது. எழுந்து போனானா. அப்படியானால் கிறீச்சிட்டிருக்க வேண்டும். அல்லது, ஒண்ணு கவனி, இதை மெதுவாகத்தான் யோசிக்க வேண்டும், எந்தப் பிரதியும் மூலத்துக்குக் குறைந்ததல்ல என்றால் எது மூலம் என்ற கேள்விக்கே இடமில்லை, ஒரு கோப்பைப் பிரதி எடுக்கும்போது கோப்புக்கு வலிக்கிறதா, இரண்டில் ஒன்று எழுந்து வடைக்குப் போகிறது, இன்னொன்று உட்கார்ந்து தாளம் போடுகிறது, தடுக்கப் பூட்டு இல்லை, இரண்டுக்கும் தானே பழையது என்று ஞாபகம் இருக்கும். இரண்டுக்கும் கல்யாண நாள் ஞாபகம் இருக்கும். வடை சுட்டது மட்டும் ஒன்றுக்குத்தான். எனக்கு வடை ஞாபகம் இருக்கிறது. அவள் கேட்டது ஞாபகமில்லை. அப்படியானால் அன்றைக்கு எழுந்து போனது நான், உட்கார்ந்திருந்தது மங்கையின் புருஷன். இரண்டாவது விசிலா இது, மூன்றாவதா. நடுவில் ஒன்று வந்து எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் கிறீச்சிடும், இல்லை, இது மர நாற்காலி, கிறீச்சிடாது, ஆனாலும் கால் எழவில்லை, எழுந்து போனால் இங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு முழங்காலைப் பிடித்து அழுத்துகிறது. மங்கை இதைக் கேட்க வேண்டும் என்கிறாள். கேட்டால் அவளுக்குச் சந்தோஷம், தன் புருஷன் குரல், தன் சிரிப்பு. அவளுக்கு முதலில் வருகிற கிறீச் ஒரு பொருட்டாகவே தெரியாது. அல்லது தெரியும். தெரிந்தால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், அப்போது நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது. அனுப்பாமல் விடலாம், பூட்டு இருக்கிறது, கம்பெனிக்காரன் விடமாட்டான் என்று சொல்லலாம், காலமெல்லாம் பூட்டைத் திட்டினவன் பூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. முந்தாநாள் கேட்காமல் நிறுத்திய மிச்சத்தைக் கேட்க வேண்டும். தனி முடிந்ததும் நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன், அந்த நாற்காலி உட்கார்ந்தால் கத்தாமல் இருக்காது. அது கத்திவிட்டால் போதும். திரும்பி வந்தவன் நான் என்று ஒரு சான்று.

மிருதங்கக்காரரும் கடக்காரரும் சேர்ந்து கடைசிக் கோர்வையை மூன்று முறை வாசித்து இறங்கினார்கள். பாடகர் பல்லவியை எடுத்தார். செருப்புகள் திரும்பி வருகின்றன. இரும்பு நாற்காலிகள் ஒவ்வொன்றாக முனகுகின்றன, அது இல்லை, இதுவும் இல்லை, என்னுடையது எனக்குத் தெரியும். யாரோ ஏப்பம் விடுகிறார்கள். 'நகரும் ஸ்வாமி' என்கிறார்கள். கைத்தட்டல். துக்கடா ஒன்று, இன்னொன்று. மங்கை ஒரு முறை மெல்ல உடன் பாடுகிறாள், அவளுக்குப் பக்கத்தில் ஒருவன் தொடையில் தாளம் போடுகிறான், தட்டு ஒரு மாத்திரை பிந்தி விழுகிறது, எனக்கு எப்போதும் அப்படித்தான் விழும். மூச்சை நிறுத்தி ஒலியைக் கூட்டினேன். மங்களம். எல்லோரும் எழுந்திருக்கிற சத்தம், அதில் ஒரு கிறீச், போகிற கிறீச். நாடா முடிகிற இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. நடுவில் எங்கேயும் என் நாற்காலி சத்தம் போடவில்லை. தனியின் முதல் சொல்லுக்குப் போனவன் மங்களம்வரை வந்து உட்காரவில்லை. மறுபடி தொடக்கத்துக்குப் போகலாம் என்று விரலை வைத்தேன். போகவில்லை. கோப்பைப் பிடித்து மங்கையின் போனுக்கு அனுப்பினேன். கேட்கட்டும், அவளுக்குச் சொன்ன சொல் அது, எனக்குச் சொன்னதல்ல. ஒரு பச்சைக் கோடு நீண்டது. இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது, எதுவும் குறையவில்லை என்று திரையில் வந்தது.

பூட்டுத் திறந்தது. அப்போதுதான் பருப்பு ஞாபகம் வந்தது. ஹெட்போன் காதில் இருந்தது, ஒயர் கணினியில் இருந்தது, நான் நாற்காலியில் இருந்தேன். 'லாரிக்காரனை வர வச்சாச்சுங்க' என்று சொல்லிக்கொண்டே மங்கை நேரே சமையலறைக்குள் போனாள். குக்கர் மூடி திறக்கிற சத்தம். கரண்டிச் சத்தம். வருகிற ஏச்சுக்காகக் காத்திருந்தேன்.

'பரவாயில்லியே' என்றாள் உள்ளிருந்து. 'மூணு விசிலுக்குச் சரியா அணைச்சிட்டீங்க.'

பருப்பு பதமாக வெந்திருந்தது.